மலையேற வேண்டிய செவிலியர் பயிற்சி

2023 மே மாத இறுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லை கிராமத்தில், வீட்டுக்கு வெளியே உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. முறையான சாலை இல்லாத மலையிலிருந்து இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. மீதித் தொலைவைப் பெற்றோர் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தே கடந்தார்கள். அந்தக் காட்சி தமிழகத்தை உலுக்கியது. மலைக் கிராமங்களுக்குச் சாலை வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எழ வேண்டிய பேச்சுதான் அது.

சாலையோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குழந்தை உயிரோடு ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவை எட்டியிருந்தால், மருத்துவரும் பணிச்செவிலியரும் அருகில் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கையில் குறிப்பேட்டுடன் இருபது வயதுச் செவிலிய மாணவி ஒருவரும் நின்றிருக்கக்கூடும். குழந்தைகளுக்கான பெரும்பாலான மருந்துகளை உடல் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்தையோ அப்படிக் குறைக்கக் கூடாது என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும். பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு, கடிபட்டவர் சிறியவரா பெரியவரா என்று பார்த்து மாறுவதில்லை. ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவே தரப்படுகிறது.

இது விலைமதிப்பற்ற அறிவு. ஆனால், அது பயன்படுவதற்குக் குழந்தை முதலில் வார்டுக்கு வந்துசேர வேண்டும். நம் செவிலியர் கல்வியில் குழந்தைகள் நலப் பயிற்சி பெரும்பாலும் நோயுற்ற குழந்தை கட்டிலில் கிடத்தப்படும் நொடியில் தொடங்கி, வீட்டுக்கு அனுப்பப்படும் நொடியில் முடிகிறது. ஜவ்வாது மலைக் குழந்தையின் விதியோ பல நேரங்களில் அதற்கு முன்னும் பின்னுமே தீர்மானிக்கப்படுகிறது.

வார்டு கற்றுத்தருவது என்ன?

இந்திய செவிலியர் கவுன்சில் 2021இல் திருத்தியமைத்த பி.எஸ்சி. செவிலியர் பாடத்திட்டத்தில் குழந்தைகள் நலச் செவிலியம் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் வருகிறது. வகுப்பறை, ஆய்வகப் பயிற்சி நீங்கலாக, ஐந்தாம் பருவத்தில் 160 மணி நேரமும் ஆறாம் பருவத்தில் 80 மணி நேரமும் நோயாளிகளிடையே நேரடிப் பயிற்சி பெற வேண்டும். இரண்டும் சேர்ந்து 240 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் நாற்பது நாட்கள். குழந்தைகள் மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, புறநோயாளிகள் பிரிவு, தடுப்பூசி அறை, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு என மாணவர்கள் சுழற்சி முறையில் அனுப்பப்படுகிறார்கள். இதைத்தான் அவர்கள் தம் பேச்சில் 'பீடியாட்ரிக் போஸ்டிங்' என்கிறார்கள்.

செவிலிய மாணவர்கள் பலர் மிகவும் அஞ்சும் போஸ்டிங் இது. அதுவரை பெரியவர்களுக்கு ஊசி போட்டும் காயத்துக்குக் கட்டுப்போட்டும் பழகிய கை, குழந்தையின் முன் தயங்குகிறது. குழந்தை என்பது பெரியவரின் சிறிய வடிவம் அல்ல என்பதுதான் இங்கே முதல் பாடம். ஒரு வயதுக் குழந்தையின் இயல்பான நாடித்துடிப்பைப் பெரியவரிடம் கண்டால் பதற்றமடைய வேண்டியிருக்கும். குழந்தை தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. அழுகையின் தன்மை, பால் குடிக்கும் வேகம், கண்ணின் ஈரம், கைகால்களின் சூடு ஆகியவற்றிலிருந்துதான் அதைப் படித்தறிய வேண்டும். அழும் குழந்தையைவிட, அழ வேண்டிய நேரத்தில் அழாமல் கிடக்கும் குழந்தையே ஆபத்தில் இருக்கிறது என்பது அனுபவத்தில் மட்டுமே மனதில் பதியும் பாடம்.

அடுத்தது கணக்கு. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் மருந்தை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் தர வேண்டுமென்றால், 120 மில்லிகிராம் தேவை. ஆனால், கடையில் கிடைக்கும் சிரப்புகள் ஒரே செறிவில் இருப்பதில்லை. ஒரு புட்டியில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கும்; இன்னொன்றில் ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கும். முதலாவதில் ஏறத்தாழ ஐந்து மில்லி. இரண்டாவதில் இரண்டரை மில்லிக்கும் சற்றுக் குறைவு. லேபிளைப் படிக்கத் தவறினால் மருந்து இரு மடங்காகிவிடும். பெரியவர் உடல் தாங்கிக்கொள்ளும் பிழையைக் குழந்தையின் உடல் தாங்காது. எனவே ஒவ்வொரு மருந்தையும் இருவர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்ப்பது நல்ல வார்டுகளின் வழக்கம். அந்தச் சரிபார்த்தலில் தன் கணக்கும் மூத்த செவிலியரின் கணக்கும் ஒத்துப்போகும் நாளில்தான் மாணவிக்குத் தன்மீது முதன்முதலாக நம்பிக்கை பிறக்கிறது.

மூன்றாவது, தாயின் பார்வை. பெரியவர்களுக்கான வார்டில் நோயாளி ஒருவர்தான். குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டு நோயாளிகள். ஒருவர் உடலால் நொந்தவர், மற்றவர் மனத்தால். ஊசி ஏற்றுவதற்கு நரம்பைத் தேடும்போது மாணவியின் விரல் நடுங்குவதை அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் குத்தல் தவறினால், 'பெரிய சிஸ்டரைக் கூப்பிடுங்கம்மா' என்று கெஞ்சுகிறார். அந்தச் சொல் மாணவியின் தூக்கத்தைப் பல இரவுகள் கெடுக்கும். பிறகு ஒருநாள், முந்தைய நாள் வரை தன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கட்டில் காலியாக இருக்கும். அந்த இழப்பைப் பற்றி மாணவியோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அது பாடத்தின் பகுதியே என்று கருதாத இடங்களும் இருக்கின்றன. பணியாளர் பற்றாக்குறையுள்ள இடங்களில், கற்க வந்தவர்களே கூடுதல் கைகளாக ஆகிவிடும்போது, துக்கப்படுவதற்கும் நேரமிருப்பதில்லை.

இவ்வளவு சிரமங்களுக்கு நடுவிலும் வார்டு பலவற்றைக் கற்றுத்தருகிறது. அது கற்றுத்தர முடியாத ஒன்றும் இருக்கிறது.

'ஏன் இவ்வளவு தாமதம்?'

வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினரே இங்கு பெரும்பான்மையினர். சாமை விளைவித்தும், புளி, தேன், பலா போன்ற வனப்பொருட்களை விற்றும், வேலையற்ற மாதங்களில் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றும் வாழ்கிறார்கள். காவலூரில் வானத்து விண்மீன்களை ஆராயும் வைணு பாப்பு வானாய்வகம் இம்மலையில்தான் இருக்கிறது. அதே மலையின் சில ஊர்களுக்கு மழைக்காலத்தில் இருசக்கர வாகனம்கூடச் செல்ல முடியாத நிலையும் இருக்கிறது.

இங்கிருந்து ஒரு குழந்தை சமவெளியின் மருத்துவமனைக்கு வரும்போது, நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வார்டில் தாயிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று: 'ஏம்மா, இவ்வளவு லேட்டா தூக்கிட்டு வந்தீங்க?' கேட்பவருக்கு அது கவலையிலிருந்து எழும் கேள்வி. தாயின் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. அவர் தலைகுனிந்து பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் அறியாமை என்றும் அலட்சியம் என்றும் பதிவாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் மாணவி நோயை மட்டுமல்ல, இந்தத் தீர்ப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

அந்தத் தாய் வாய் திறந்தால் என்ன சொல்வார்? முதல் நாள் காய்ச்சல் சாதாரணமாகத்தான் இருந்தது என்பார். கணவர் வெளியூரில் வேலையில் இருந்தார். மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. இரவில் காட்டுப் பாதையில் இறங்க முடியாது. போகவர, சாப்பிட, தங்கக் கையில் பணம் இல்லை என்பார். இவற்றில் எதுவும் நோயாளிக் குறிப்பில் எழுதப்படுவதில்லை. எழுதுவதற்கு அங்கே இடமும் இல்லை. மாணவி தயாரிக்கும் 'கேர் பிளான்' ஏட்டில் உடல்வெப்பம், மூச்சு, நீரிழப்பு, ஊட்டச்சத்துக் குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள் உண்டு. தாமதத்துக்கு மட்டும் கட்டம் கிடையாது.

தாமதத்தின் காரணங்களைத் தம் காலால் நடந்து பார்த்த மாணவி அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்: 'எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? வழியில குழந்தை ஏதாவது குடிச்சுதா?' இந்தக் கேள்விக்குத் தாய் பதில் சொல்வார். அந்தப் பதில் சிகிச்சைக்கும் உதவும். எத்தனை மணி நேரம் குழந்தை ஒன்றும் குடிக்காமல் இருந்தது என்பது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

மலைக்காகவே உருவான பாடம்

செவிலிய மாணவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய பாடத்தொகுப்புகளில் ஒன்று, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நோய்களை ஒருங்கிணைந்த முறையில் கையாளும் 'ஐ.எம்.என்.சி.ஐ.' பயிற்சி. இது பெரிய மருத்துவமனைக்காக உருவான முறை அல்ல. எக்ஸ்ரேயும் ஆய்வகமும் இல்லாத முதல் நிலைச் சுகாதார மையத்தில், கண்ணாலும் காதாலும் கடிகாரத்தாலும் நோயின் கடுமையைக் கண்டறிவதற்காக உருவானது. குழந்தைகளை மூன்று நிறங்களாக அது பிரிக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து தரலாம். பச்சை என்றால் வீட்டில் வைத்துக் கவனித்தால் போதும்.

குடிக்கவோ தாய்ப்பால் உறிஞ்சவோ முடியாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, நினைவு மங்குதல் ஆகியவை ஆபத்தின் பொதுவான அறிகுறிகள். இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை எனில் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் எனில் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் எனில் 40 என்ற எண்ணிக்கையையோ அதற்கு மேலோ எட்டினால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கக்கூடும். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு கடிகாரமும், குழந்தையின் சட்டையை உயர்த்திப் பார்க்கும் பொறுமையும் மட்டுமே.

மூச்சை எண்ணுவதன் வலிமை என்ன என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி காட்டியிருக்கிறது. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோரின் 'சர்ச்' அமைப்பு அங்கே பழங்குடியினர் மிகுந்த கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி அளித்தது. எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளும் மூச்சைக் கணக்கிட வசதியாக, மணிகளை நகர்த்தும் எளிய கருவி ஒன்றும் அங்கே உருவாக்கப்பட்டது. வீட்டிலேயே அளிக்கப்பட்ட அந்தப் பராமரிப்பால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகி, உலகின் கவனத்தை ஈர்த்தது.

இப்படிப்பட்ட பாடத்தை நம் மாணவர்கள் எங்கே பழகுகிறார்கள்? ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி விரலில் மாட்டப்பட்டு, எக்ஸ்ரே எடுக்கப்பட்டு, நோய் இன்னதென்று ஏற்கெனவே முடிவாகிவிட்ட குழந்தையின் கட்டிலருகே பழகுகிறார்கள். விடை தெரிந்த பிறகு கணக்குப் போடுவதைப் போன்றது அது. துணைச் சுகாதார நிலையத்தில், இந்தக் குழந்தையை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று தானே முடிவெடுக்கும்போதுதான் மூச்சின் எண்ணிக்கைக்குப் பொருள் புரியும்.

அனுப்புவதிலும் ஒரு கலை இருக்கிறது. கடும் நோயுள்ள குழந்தையைக் கீழே அனுப்பும் முன், நெறிமுறைப்படி மருந்தின் முதல் தவணையைக் கொடுக்க வேண்டும். சர்க்கரை அளவு குறையாமலிருக்கத் தாய்ப்பாலோ சர்க்கரை நீரோ தர முடியுமா என்று பார்க்க வேண்டும். மலைக் குளிரில் உடல் சில்லிடாமல், பச்சிளங்குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துக் கட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு வழிநெடுக உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகத் தரச் சொல்ல வேண்டும். ஓரளவு நீரிழப்புள்ள எட்டுக் கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 600 மில்லி தேவை. பாம்புக்கடி என்றால் கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கை காலை அசையாதவாறு வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். நகரத்தில் ஆம்புலன்ஸ் வரும் பத்து நிமிடத்துக்குள் இவற்றின் முக்கியத்துவம் தெரியாது. மூன்று மணி நேரப் பயணத்தில் குழந்தையின் உயிரே இவற்றைச் சார்ந்திருக்கலாம்.

வீடு திரும்பிய பிறகு

குழந்தை தேறியதும் வீட்டுக்கு அனுப்பும் நாளில், தாய்க்கு அறிவுரை சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் மாணவியிடம் விடப்படுகிறது. 'ஹெல்த் எஜுகேஷன்' என்ற தலைப்பில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டி, பால், முட்டை, ஆப்பிள், கீரை, பருப்பு கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர் கொடுங்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலத்தைக் கரையுங்கள் என்று அவர் ஒப்பிக்கிறார். தாய் தலையாட்டுகிறார்.

மலைவீட்டின் அடுக்களையைப் பார்த்த மாணவி ஆப்பிளைப் பற்றிப் பேசமாட்டார். சாமைக் கஞ்சியைக் கெட்டியாக்கி அதில் ஒரு கரண்டி எண்ணெய் சேர்ப்பது, வேர்க்கடலையை வறுத்து இடித்துக் கலப்பது, முருங்கைக்கீரை, வீட்டுக் கோழியின் முட்டை, அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார். லிட்டர் என்றால் எவ்வளவு என்பதற்கு, அந்த வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையே அளவாகக் காட்டுவார். ஏனெனில், குறைவான நீரில் அதே பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகிவிடும். விறகு சுமந்துவந்து அடுப்பெரிக்கும் வீட்டில் நீரைக் கொதிக்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இது மலைக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சிசு இறப்பைக் குறைப்பதில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடி: 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி இந்தியாவில் ஆயிரத்துக்கு 28 என்றால் தமிழகத்தில் 13. ஆனால், ஒரு மாநிலத்தின் சராசரி எண் நன்றாக இருக்கும்போது, அதற்குள் இருக்கும் மலைக் கிராமம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உயிர் பிழைக்கவைப்பதில் வென்றுவிட்ட மாநிலம், பிழைத்த குழந்தை நன்றாக வளர்வதை அடுத்த இலக்காகக் கொள்ள வேண்டும். அந்த வேலை நடக்கும் இடம் வார்டு அல்ல; வீடும் அங்கன்வாடியும்தான்.

என்ன செய்யலாம்?

240 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ எட்டு நாட்களை, மலைப்பகுதி அல்லது தொலைதூரக் கிராமத்தின் முதல் நிலைச் சுகாதார மையங்களில் கழிக்கச் செய்யலாம். வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு ஜமுனாமரத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் இயல்பான களம். ஐந்தாம் பருவத்திலேயே சமூகநலச் செவிலியப் பயிற்சியும் வருவதால், இரண்டையும் இணைத்துத் திட்டமிடவும் இடமிருக்கிறது. இப்போதைய சமூகநலப் பயிற்சியில் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று குடும்ப விவரங்களைத் திரட்டுகிறார்கள். அது தேவையானதுதான், ஆனால், நோயுற்ற குழந்தையைக் கண்டறிந்து, முடிவெடுத்து, தொடர்ந்து கவனிக்கும் பயிற்சிக்கு அது ஈடாகாது.

இதில் எழும் ஆட்சேபங்கள் நியாயமானவை. மாணவியரின் பாதுகாப்பு, தங்குமிடம், பேருந்துச் செலவு ஆகியவற்றுக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். களப்பயிற்சியில் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் மலையிலும் மீறப்படக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பதே மேல். மலையில் போதிய நோயாளிகள் கிடைக்கமாட்டார்கள், அரிய நோய்களைப் பார்க்க முடியாது என்பது இன்னொரு வாதம். அரிய நோய்களுக்கு மீதி முப்பத்திரண்டு நாட்கள் இருக்கின்றன. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகிய சாதாரண நோய்கள் எப்போது அசாதாரணமாகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் நிலைச் செவிலியரின் கலை. எட்டு நாட்கள் சுற்றுலா போலாகிவிடும் என்ற அச்சத்துக்கும் வழி இருக்கிறது. வார்டில் தான் கவனித்த மலைக் குழந்தை ஒன்றை, பெற்றோரின் சம்மதத்தோடு, வீடு திரும்பிய பின் ஒருமுறையாவது சென்று பார்த்து எடை பார்ப்பதை ஒவ்வொரு மாணவரின் கடமையாக்கலாம். குறிப்பேட்டில் 'குழந்தை வந்த வழி' என்று ஒரு பக்கம் சேர்க்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அங்கே மாணவர்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியானவர் கிராம சுகாதாரச் செவிலியர். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் வரையறை. சமவெளியில் அது 5,000. எண்ணிக்கையில் சலுகைபோலத் தோன்றினாலும், சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு நடந்து செல்பவருக்கு 3,000 என்பது பெரிய எண். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எடை குறைந்திருக்கிறது, எந்தத் தாய் ஊசிக்கு அஞ்சுவார், எந்தப் பாட்டி சொன்னால் அந்த வீடு கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவைக் கல்லூரி மதித்து, பயிற்சி வழிகாட்டி என்ற தகுதியும் மதிப்பூதியமும் அவருக்கு வழங்க வேண்டும்.

இது நமக்குப் புதிய மரபும் அல்ல. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்து தொலைவில் இல்லாத வேலூரில், ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் பட்டப்படிப்பைத் தொடங்கி, நாட்டின் முதல் செவிலியர் பட்டக் கல்லூரிகளுள் ஒன்றாக அது உயர்ந்தது. அதே ஐடா ஸ்கடர்தான் மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாலையோர மரத்தடிகளில் சிகிச்சை அளிக்கச் சென்றவர். மக்களைத் தேடிச் செல்லும் மருத்துவம் தமிழக அரசின் திட்டப் பெயராகவே இன்று இருக்கிறது. செவிலியர் கல்வியும் அதே திசையில் நடக்க வேண்டும்.

மலையின் மகள்கள்

எட்டு நாள் பயிற்சி எவ்வளவு நல்லதாயினும், வந்து செல்பவரின் அறிவு அது. நிலைத்த தீர்வு, மலையின் பெண்களும் ஆண்களுமே செவிலியராவதில் இருக்கிறது. அதற்கான சான்று நம் அருகிலேயே உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியர் பழங்குடி நலவாழ்வுப் பணியைத் தொடங்கினர். அங்கும் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. வெளியிலிருந்து செவிலியரை எதிர்பார்க்காமல், உள்ளூர்ப் பெண்களுக்கே அவர்கள் பயிற்சி அளித்தார்கள். அந்தப் பெண்களே மருத்துவமனையின் தூண்களாயினர். பள்ளத்தாக்கின் சிசு இறப்பு பெருமளவு குறைந்தது. நீலகிரியின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பணியாற்றுகிறார்கள். தன் மொழியில், தன் ஊர்ப் பேச்சில் கேட்கும் செவிலியரிடம் தாய் எதையும் மறைப்பதில்லை.

ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி மாநிலமெங்கும் கொண்டாடப்பட்டது. மலையின் மாணவியருக்குத் திறமை குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. குறைவது வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படிக்க அருகில் பள்ளி, உறைவிடம், கட்டண உதவி, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளைப் பின்தொடர முதலாண்டில் கூடுதல் துணை ஆகியவை அவர்களுக்கு வேண்டும். படித்து முடித்தபின் தம் மலையிலேயே அரசுப் பணி கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில், தங்குமிடமின்றி மலைக்கு அனுப்பப்படுபவர் எத்தனை நாள் அங்கே நிலைப்பார்?

1947ஆம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. செவிலியர் கல்வியின் அமைப்பே மறுபரிசீலனைக்கு உள்ளாகும் காலம் இது. எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதோடு, எங்கே பயிற்சி என்ற கேள்வியையும் தமிழகம் இப்போதே எழுப்ப வேண்டும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்காமல், மலையடிவார மாவட்டங்களின் கல்லூரிகள் சிலவற்றைக் கொண்டு சோதனை முறையில் அரசு இதைத் தொடங்கலாம்.

அத்திமரத்துக்கொல்லைக் குழந்தையை ஒரு செவிலிய மாணவி காப்பாற்றியிருப்பார் என்று சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டவற்றில் சாலை முதன்மையானது. ஆனால், சாலை வந்த பிறகும் அதன் மேல் முனையில், மூச்சை எண்ணத் தெரிந்த, நஞ்சின் அறிகுறி தெரிந்த, அந்தத் தாயின் பேச்சு புரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவரை உருவாக்கும் பயிற்சி அந்த மலையில்தான் நடக்க வேண்டும்.